மூணு இரும்பு, ஒரு பார்சல்

பேராண்டி, அந்தச் சாக்கத் திண்ணையில வை. மெதுவா. உள்ள இருக்கிறது என்னான்னு சத்தமே சொல்லுது. ஒண்ணு அருவாமனை, ஒண்ணு கருக்கருவா. நீட்டமாத் துருத்திக்கிட்டு நிக்கிதே, அது உங்க அத்தான் கேட்ட வீச்சருவா. மூணையும் ஒரே பொட்டியில கட்டி லண்டன்ல இருக்கிற உங்க அக்கா வூட்டுக்குத் தபால்ல போடணும், அதானே? "தாத்தா பாதி ஆயுசு தபால் பை தூக்குனவரு, குறுக்கு வழி தெரிஞ்சிருக்கும்"னு உங்கம்மா சொல்லி அனுப்பியிருப்பா. தெரியும்டா, எல்லாக் குறுக்கு வழியும் தெரியும். எந்த வழி எந்த ஸ்டேஷன் வாசல்ல போயி முடியும்ங்கிறதும் தெரியும்.

கையில நீட்டாத, தரையில வை, நான் எடுத்துக்கிறேன். கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்பாங்க நம்ம வீட்டுப் பொம்பளைங்க. உங்க அத்தான் வூட்டுக்கும் நமக்கும் சீர் வகையில ஏற்கெனவே ஒரு பாக்கி கெடக்கு. இரும்பால வேற ஒண்ணு வேணாம்.

மொதல்ல உனக்குச் சுளுவான யோசனை ஒண்ணு சொல்றேன். வெளிநாட்டுப் பார்சல்னா ஒரு பாரம் குடுப்பான். சின்னதுக்கு சி.என். 22, பெருசுக்கு சி.என். 23. உள்ள என்னா, எத்தினி, எடை எவ்வளவு, என்னா வெலை, விக்கவா அன்பளிப்பா, எல்லாம் கேட்டிருக்கும். நீ அதுல "முறுக்கு"ன்னு எழுதிடு. அன்பளிப்பு, நாலு கிலோ முறுக்கு. யாருக்கு என்னா தெரியப் போவுது? எக்ஸ்ரே மிஷினுக்கு மட்டுந்தான் தெரியும். முறுக்கு வட்டமா இருக்கும், வீச்சருவா நீட்டமா இருக்கும்ங்கிற அளவுக்கு அதுக்கு வெவரம் உண்டு.

அந்தப் பாரத்துக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வாசகம் இருக்கும். நான் எழுதுனது எல்லாம் சரி, இதுல ஆபத்தான பொருளோ, சட்டமோ தபால் விதியோ சுங்க விதியோ தடுத்த பொருளோ இல்லன்னு. அதுக்குக் கீழ உன் கையெழுத்து. பாரத்தோட உன் அடையாள அட்டை நகல். பொய்யி உன்னோடது, கையெழுத்து உன்னோடது, படமும் உன்னோடது. போலீசுக்குத் தேடற வேலையே இல்ல பாரு, எவ்வளவு ஒத்தாசையான புள்ள நீ!

அந்தக் காயிதம் நம்ம ஊரு போஸ்ட் மாஸ்டர் அச்சடிச்சதுன்னு நெனச்சுக்காத. 1874-ல சுவிட்சர்லாந்துல பெர்ன் பட்டணத்துல கூடிப் பேசி ஆரம்பிச்ச உலகத் தபால் சங்கத்தோட பாரம் அது. நம்ம நாடு 1876-லயே அதுல சேந்தாச்சு, வெள்ளக்காரன் காலத்துலயே. அதனால நீ பாபநாசத்துல உக்காந்து எழுதுறத லண்டன்ல ஒருத்தன் எழுத்து மாறாமப் படிப்பான். இப்ப இன்னும் மோசம். 2021 பொறந்ததுலேர்ந்து, பொட்டி போறதுக்கு முந்தி அதுல எழுதுன வெவரம் கம்ப்யூட்டர் வழியா அந்த ஊருக்குப் போயிடணும்னு ஆக்கிட்டான். பொட்டி திருச்சி தாண்டுறதுக்குள்ள உன் முறுக்கு லண்டன் போயிச் சேந்துடும்.

சரி, நெசத்துக்கு வருவோம். தபால்ல கத்தி அனுப்பக் கூடாதுன்னு யாரு சொன்னா? நான் பை தூக்குன காலம் பூரா இருந்தது 1898-ம் வருசத்துத் தபால் சட்டம். அதுல 19-ம் பிரிவு. வெடிக்கிறது, நாறுறது, ஆபத்தானது எதையும் தபால்ல போடாதன்னு சொல்லிட்டு, அதே வரியில "ஒழுங்கா மூடிக் கட்டாத கூரான ஆயுதம்"னு வச்சிருந்தான். கவனி. கூரான ஆயுதமே ஆவாதுன்னு சொல்லல. மூடிக் கட்டாததுதான் ஆவாது. ஏன்னா பைக்குள்ள கைய விடுறவன் என்ன மாதிரி ஒரு ஏழை. அவன் வெரலு போச்சுன்னா மறுநாளு தபால யாரு பிரிக்கிறது? அதே பிரிவுல இன்னொண்ணும் உண்டு: தபால் ஊழியரக் கடிச்சுக் காயப்படுத்துற உசுரு எதையும் அனுப்பக் கூடாது. மூடாத கத்தியும் கடிக்கிற பிராணியும் ஒரே பிரிவு. உங்க அத்தான் விமானத்துலயே போனது அதனாலதானோ என்னமோ.

அந்தச் சட்டம் இப்ப இல்ல. 2023-ல புதுசா ஒரு தபால் சட்டம் போட்டு, 2024 ஜூன் 18-லேர்ந்து நடைமுறைக்குக் கொண்டாந்துட்டாங்க. ரொம்பச் சின்னச் சட்டம், எதை அனுப்பலாம் எதை அனுப்பக் கூடாதுங்கிறத எல்லாம் விதிக்குத் தள்ளி விட்டுட்டுது. ஆனா ஒண்ண மட்டும் சட்டத்துலயே வச்சிருக்கு: பொட்டி மேல சந்தேகம்னா தபால்காரன் சுங்கத்துக்காரன் கையில குடுத்துடலாம். முன்னாடியும் குடுத்தான், இப்பவும் குடுப்பான்.

தபாலுக்கு ஒரு சட்டம்னா இரும்புக்கு வேற சட்டம். 1959-ம் வருசத்து ஆயுதச் சட்டம். அதோட விதியில எழுதியிருக்கு: வாள், கட்டாரி, ஈட்டி, கத்தி, குக்ரி எல்லாம், அலகு 9 அங்குலத்துக்கு மேல நீட்டமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா ஆயுதம். இரு, அதுக்குள்ள சாக்கத் தூக்கிக்கிட்டு ஓடாத. வூட்டு வேலைக்கும் வெவசாயத்துக்கும் தொழிலுக்கும்னு செஞ்சது அந்தக் கணக்குல வராதுன்னும் அங்கயே போட்டிருக்கான். இல்லாட்டி தஞ்சாவூரு ஜில்லா பூராவையும் தை மாசத்துல ஜெயில்ல வச்சுக் கஞ்சி ஊத்தணும். சட்டத்துலயே உதாரணம் வேற சொல்லியிருக்கான், தடிக்கம்பு, சாதாரணக் கைத்தடி இதெல்லாம் ஆயுதம் இல்லன்னு. இதோ இந்தத் தடி இருக்கு பாரு, இது 1959-லயே விடுதலை ஆனது. இதால உன் முட்டியில ஒண்ணு போட்டாலும், தடி ஆயுதம் இல்ல. போட்டதுதான் குத்தம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு பேராண்டி, அதப் புடிச்சுக்க. நம்ம சட்டம் இரும்பப் பாத்து மொதல்ல கேக்குறது, நீ எதுக்குப் பொறந்தேன்னு. அளவு அப்பறம். அருவாமனையோட அலகு 9 அங்குலத்தத் தாண்டியிருந்தாலும் அது வாழப்பூ அரியப் பொறந்தது. கருக்கருவா கதிரு அறுக்கப் பொறந்தது. இந்த நீட்டமான ஆளு இருக்காரே, இவரு எதுக்குப் பொறந்தாரு? தென்னம்பாளை கழிக்கன்னு சொல்லுவியா? நீ சொல்லுவ. உங்க அத்தான் சொல்லியிருக்கணுமே! அவரு போன்ல என்னா சொன்னாரு? "ஹால்ல சுவத்துல மாட்டுறதுக்குத் திருப்பாச்சேத்தி அருவா வேணும், கெத்தா இருக்கும்." அவரு பொறந்து வளந்தது கும்மோணத்துல அக்ரகாரத்துக்குப் பின் தெரு. ஒரு எளநி சீவத் தெரியுமா அவருக்கு? 2005-ல வந்த விஜய் படம் ஒண்ணு பாத்துட்டு சிவகங்கைச் சீமை இரும்புக்கு மயங்குன ஆளு.

இத எங்க வாங்குன? பட்டறையில பேரு, விலாசம் எழுதி வாங்குனானா? எழுதலியா? அப்ப அவனுக்கும் புத்தி இல்ல. 2021 செப்டம்பர்ல சைலேந்திர பாபு டி.ஜி.பி.யா இருந்தப்ப தமிழ்நாடு பூரா ரவுடிகளச் சல்லடை போட்டுத் தேடுனாங்களே, அப்பயே பட்டறைக்காரங்களக் கூப்புட்டுச் சொன்னாங்க: அருவா வாங்க வர்றவன் பேரு, விலாசம், போன் நம்பரு எழுதி வை, எதுக்குன்னு கேளு, கேமரா மாட்டு. வூட்டுக்கும் வெவசாயத்துக்கும் தவிர வேற எதுக்கும் குடுக்காத. ஒலையில ஊதுற கொல்லாசாரி, "எதுக்குத் தம்பி?"ன்னு கேட்டா நீ என்னா சொல்லியிருப்ப? லண்டன்ல சுவத்துக்குன்னா? அவரு நோட்டுல அத எந்தப் பக்கத்துல எழுதுவாரு, பாவம்.

இப்ப அந்தக் கரைக்குப் போவோம். அங்க எல்லாம் அங்குலமும் ஓட்டையும்தான். நம்மாளு ஆயுதச் சட்டம் போட்ட அதே 1959-ல வெள்ளக்காரனும் ஒரு சட்டம் போட்டான், பொத்தான அமுக்குனாப் படக்குன்னு விரியுற கத்திய ஒழிக்க. அப்பறம் 1988-ல இன்னொண்ணு: பொது எடத்துல கத்தி வச்சிருந்தா, தகுந்த காரணம் சொல்லணும். 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குப் பேனாக்கத்திக்கு மட்டும் விட்டுக் குடுத்தான். காரணம் சரியில்லன்னா 4 வருசம் வரைக்கும் உள்ள. நீ அனுப்புன பார்சல உங்க அக்கா டிப்போவுலேர்ந்து வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறப்ப கட்டுப் பிரிக்காமக் கொண்டுபோனா அது காரணம். வழியில பிரிச்சு, "அம்மா அனுப்புன அருவாமனை"ன்னு ரயில்ல பக்கத்துல இருக்கிறவளுக்குக் காட்டுனா, அது வேற கதை. அவளுக்கு வாழப்பூவும் தெரியாது, உங்கம்மாவையும் தெரியாது.

2008-ல வளஞ்ச வாளுக்குத் தடை வந்துச்சு, 50 செண்டிமீட்டரும் அதுக்கு மேலயும். கைப்பிடி முடியுற எடத்துலேர்ந்து முனை வரைக்கும் நேர்கோட்டுல அளக்கணுமாம். அதுல ஒரு விதிவிலக்கு வச்சான் பாரு, கேட்டா உனக்கு வாயில எச்சி ஊறும்: 1954-க்கு முந்திச் செஞ்சதுன்னாலும், பழைய முறையில கையால அடிச்ச வாளுன்னாலும் தப்பிச்சுக்கலாம். ஒடனே "கொல்லாசாரி கையால அடிச்சதுதான தாத்தா"ன்னு துள்ளுற. கையால அடிச்சாருடா. எதை? லாரி ஸ்பிரிங் பட்டைய. நம்ம வீச்சருவா வாள் இல்ல, அருவான்னு சாதிச்சா இந்தப் பிரிவுலேர்ந்து தப்பிக்கும். அருவான்னு சாதிச்சுட்டு நிமிந்தா அடுத்த பிரிவு வாசல்ல நிக்கிது.

2024 செப்டம்பர் 24-லேர்ந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஒரு மாதிரியான வெட்டுக்கத்திங்களத் தடை பண்ணிட்டாங்க. சினிமாப் பேயிங்க தூக்கிட்டுத் திரியுமே, அந்தக் கோலத்துல செஞ்சு விக்கிற கத்திங்க. அங்க சின்னப் பசங்க கத்திக் குத்துல சாவுறது பெரிய வேதனையாப் போச்சு, அதுக்காகப் போட்டது. கணக்கு எப்படின்னா, அலகு 8 அங்குலத்துக்கு மேல, மழமழன்னு ஒரு வெட்டு வாய், கூரான முனை. இதோட இன்னும் ஒண்ணாவது சேரணும்: ரம்பப் பல்லு, அலகுல ஒண்ணுக்கு மேல ஓட்டை, முள்ளு முள்ளா நீட்டம், இல்ல ரெண்டுக்கு மேல கூரு. இதெல்லாம் சேந்த கத்திய விக்கிறது, கொண்டாறது மட்டும் குத்தம் இல்ல. வூட்டுக்குள்ள அலமாரியில வச்சிருந்தாலே குத்தம்.

இப்ப அத்தானோட அருவாவப் பாப்போம். எடு. நீட்டம், எட்டு என்னா, பதினாறு இருக்கும். வாயி மழமழன்னு இருக்கு. முனை இருக்கு. நல்ல எடை, கைக்கு அம்சமா நிக்கிது, குத்தம் சொல்ல முடியாது. அது சரி, இந்த ரெண்டு ஓட்டை எதுக்கு? சலங்கை கட்டவா! அத்தான் கேட்டாரா? கோயில் அருவா மாதிரிச் சலங்கை கட்டி மாட்டணும்னு? பலே. வீரனாரு கையில இருந்தா அது சாமி, நேத்திக்கடன். லண்டன்ல அத்தான் சுவத்துல இருந்தா, ஓட்டை ரெண்டு, கூட்டிக் கழிச்சுப் பாரு. சட்டத்துல சலங்கைக்குன்னு தனியாக் கட்டம் இல்ல பேராண்டி. அவன் ஓட்டைய எண்ணுவான். ஒத்த ஓட்டை போட்டிருந்தா ஒரு வக்கீலுக்காவது வேலை இருந்திருக்கும்.

கருக்கருவா தப்பிக்கும்னு நெனக்கிறேன். அதுக்குப் பல்லு மட்டும்தான், மழமழ வாய் கெடையாது. அவன் கேக்குற ரெண்டுல ஒண்ணு கொறையுது. ஆனா பார்சலோட வக்கீலு ஏறிப் போவ மாட்டான். சுங்கத்துல ஒக்காந்திருக்கிறவன் பல்லப் பாப்பான், வளைவப் பாப்பான், பொட்டிய ஒதுக்கி வைப்பான். அருவாமனையும் அதே பொட்டியில இருக்கிறதால அதுவும் கூடவே ஒதுங்கும். சேராத இடத்துல சேந்ததுக்கு அருவாமனைக்குத் தண்டனை. அதனாலதான் மூணையும் ஒண்ணாக் கட்டாதன்னு சொல்ல வர்றேன்.

சுங்கத்துக்காரனுக்குன்னு உலகம் பூரா ஒரே நம்பர்க் கணக்கு இருக்கு தெரியுமா? பாரத்துல அந்த நம்பரையும் எழுதச் சொல்லுவான். மம்பட்டி, கோடாலி, அருவா எல்லாம் 8201. சமையக்கட்டுக் கத்தி 8211. வாளு, ஈட்டி, துப்பாக்கி முனையில சொருகுற கத்தி இதெல்லாம் 9307, அது துப்பாக்கி, பீரங்கி இருக்கிற 93-ம் அத்தியாயத்துல. கதிரறுக்கிற அருவாவ மம்பட்டிக்குப் பக்கத்துல ஒக்கார வச்சிருக்கான் பாரு, அந்தக் கணக்கு எழுதுனவன் எவனோ வயக்காட்டுப் பக்கம் வந்திருக்கணும். நம்ம நீட்டமான ஆளு எந்த நம்பர்? நீ 8201-ன்னு போடுவ. பாக்குறவன் 9307-ன்னு நெனப்பான். ஆயுதம்னு முடிவாச்சுன்னா இங்கேருந்து வெளிய அனுப்பவே ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் வேணும். சுவத்துல மாட்ட ஒரு அருவா, அதுக்கு ஒரு லைசென்ஸ், அதுக்கு ஆபீசு ஆபீசா நடை. அத்தான் வந்து நடப்பாரா? நீதான் நடப்ப.

உங்க சித்தப்பன் மவன் சிங்கப்பூர்ல இருக்கானே, அவனுக்கும் ஒண்ணு அனுப்பலாம்னு வாய் தவறிச் சொல்லிடாத. அங்க பொது எடத்துல காரணம் இல்லாம ஆயுதம் வச்சிருந்தா 3 வருசம் வரைக்கும் ஜெயிலு, கூடவே 6-க்குக் கொறையாத பிரம்படி. 1958-லேர்ந்து சட்டம் அது. ஆம்பளைக்கு மட்டும்தான் அடி, அதுவும் அம்பது வயசுக்குள்ள இருந்தா. என்னைய அனுப்பு, நான் அருவாளத் தோள்ல போட்டுக்கிட்டு செராங்கூன் ரோட்டுல நடக்கிறேன், ஒருத்தனும் அடிக்க முடியாது. ஜெயில்ல சோறு மட்டும் எப்பிடின்னு விசாரிச்சுச் சொல்லு.

இப்ப உனக்கு நெனப்பு வரும், "என்னா தாத்தா, நம்ம இரும்புக்கு இவ்வளவு கெடுபிடியா, நம்ம ராஜாக்கள் காலத்துல..."ன்னு. அந்தக் கதையும் கேளு. 1855-ல ரெண்டாம் சிவாஜி மகாராஜா ஆம்பள வாரிசு இல்லாமக் காலமானாரு. கம்பெனிக்காரன் தஞ்சாவூர எடுத்துக்கிட்டான். சரபோஜி சேத்த சுவடியெல்லாம் சரஸ்வதி மகால்ல தப்பிச்சுது. ஆயுதச் சாலை தப்பல. வாளும் கட்டாரியும் பெரும்பாலும் ஒடஞ்சு பழைய இரும்பாப் போச்சு. பாக்க லட்சணமானதுல சிலது மெட்ராஸ் மியூசியத்துக்குப் போச்சு. இன்னுஞ் சிலது கை மாறி மாறி நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள போய் ஒக்காந்துருக்கு, தஞ்சாவூர் அரண்மனைக் கட்டாரின்னு சீட்டு எழுதி. வாங்கிச் சேத்த ஒரு அமெரிக்காக்காரரு உயில் எழுதி வச்சதால 1930-கள்ல அங்க போய்ச் சேந்தது. ராஜாவோட கத்தி கடல் தாண்டுச்சே, யாரு சி.என். 23 எழுதுனா? யாரும் எழுதல. ஊர ஜெயிச்சவன் எழுத வேண்டியதில்ல. பேத்திக்கு அருவாமனை அனுப்புறவன்தான் எழுதணும். கோவிச்சுக்கிட்டு என்னா பண்றது, பேனாவ எடு.

இன்னொரு கூத்தும் இருக்கு. மூட்டையில வைக்கப் புரி சுத்தியிருக்கியே, நல்ல சம்பா வைக்கோல். இத ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புனன்னு வச்சுக்க, அருவாவ விட்டுட்டு வைக்கோலத்தான் புடிப்பான். வைக்கோல் வச்சுக் கட்டாதன்னு அந்த ஊர்ல கண்டிப்பு, பூச்சி, நோய் வந்துடுமாம். கருக்கருவாவுல இந்த மண்ணப் பாரு, காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு, வெண்ணாத்து வண்டல். இங்கிலாந்துக்காரனும் நம்ம மாதிரி தூர நாட்டு மண்ண உள்ள விட மாட்டான். ஆயிரம் வருசமா இந்த மண்ணுக்காக எவனெவனோ படையெடுத்து வந்தான். இப்ப நம்ம ஓசியில அனுப்புனா வேணாங்கிறான். ஆகவே வேலை பாத்த அருவா ஆவாது, புதுசுதான் போவணும். வேலை பாத்த அருவாவும் இப்ப எங்க கெடைக்குது? மேட்டூரு ஜூன் 12-ல தொறந்தாலும் தொறக்காட்டியும், அறுப்புக்கு பெல்ட்டு மிஷின்தான் வயல்ல எறங்குது. கருக்கருவா எறவாணத்துல சொருகிக் கெடக்கு. நம்ம கையில வேலை இல்லாத சாமானத்தத்தான் லண்டனுக்கு அனுப்பப் பாக்குறோம், அதுவும் ஞாபகத்துல இருக்கட்டும்.

அருவாமனை மட்டும் போவட்டும். எப்பிடின்னு சொல்றேன், கேட்டுக்க. பலகைய நல்லாத் தேச்சுக் காய வை. மரத்துல பூச்சித் தொளை இருக்கக் கூடாது. அலகுல கொஞ்சம் வெளக்கெண்ணை தடவு, துரு ஏறாது. அலகு மேல கெட்டி அட்டைய ரெண்டு மடிப்பாப் போட்டு நூலால இறுக்கு. முனைக்குத் தனியா ஒரு குப்பி. அதுக்கு மேல துணி. பொட்டியக் குலுக்குனா உள்ள அசையக் கூடாது. பொட்டி ஒடஞ்சாக் கூட, எடுக்கிறவன் வெரலுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. பாரத்துல "சமையலறைக் காய் வெட்டும் கத்தி, மரப்பலகையுடன், வீட்டு உபயோகம், அன்பளிப்பு"ன்னு நெசத்த எழுது, இங்கிலீஷ்ல. வெலையக் கொறச்சும் போடாத, பவுசுக்குக் கூட்டியும் போடாத. போஸ்ட் ஆபீசுல மூடி ஒட்டுறதுக்கு முந்தி கவுண்டர்ல காட்டு. அங்க இருக்கிறவரு "இது ஆவாது"ன்னா சண்டை போடாத. விதியில எடம் இருந்தாலும் விமானக் கம்பெனிக்காரன் மறுக்கலாம். தனியார் கூரியர்காரன் சட்டத்துக்கு மேல ஒரு சுத்து இறுக்கித்தான் வச்சிருப்பான், "கத்தி"ன்னு கேட்டதுமே கைய விரிப்பான்.

அக்கா பேருக்கே அனுப்பு, பெரியவளா ஒரு ஆளு வாங்கிக்கட்டும். 2019-ல போட்ட சட்டப்படி, வெளிநாட்டுக் கடைக்காரன் விக்கிற கத்தியா இருந்தா 18 வயசு நெறஞ்ச கையிலதான் குடுக்கணும்னு கொண்டு போறவனுக்கு உத்தரவு. இது விக்கிறது இல்ல, இருந்தாலும் கதவத் தட்டுறப்ப சின்னப் பய வந்து நின்னா என்னாத்துக்கு வம்பு.

தபால்ல அனுப்புறது ஒத்து வரலன்னா இன்னொரு வழியும் இருக்கு. அந்தக் காலத்துல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல்ல ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனாங்களே, டிரங்குப் பொட்டிக்கு அடியில அருவாமனையும் அம்மியும் இல்லாமலா போனாங்க? இப்ப உங்கம்மா அக்கா பிரசவத்துக்குப் போறா இல்ல, மாசிக்கு? அவ பெரிய பொட்டியில போடு. பெரிய பொட்டின்னா கவுண்டர்ல எடை போட்டு வாங்கி வச்சுக்குவானே, அது. கைப்பையில போட்டுடாத. திருச்சி ஏர்போர்ட்டு சோதனையில உங்கம்மா கைப்பையிலேர்ந்து அருவாமனை வெளிய வந்துச்சுன்னா, அவ ஒப்பாரி வச்சு ஏர்போர்ட்டயே எழவு வூடு ஆக்கிடுவா. இதுக்கும் முந்தி விமானக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்க.

அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு கேள்வி. உங்க அக்காவுக்கு அருவாமனையில ஒக்காரத் தெரியுமா? கால மடிச்சுப் பலகையில போட்டு, தரையில ஒக்காந்து, முருங்கக்காய நறுக்குவாளா? இங்க இருந்தப்பவே மேடையில நின்னுகிட்டுப் பிளாஸ்டிக் பலகையில வெட்டுனவ அவ. அங்க ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழ்க் கடையில இட்லித் தட்டுலேர்ந்து தேங்காத் திருவி வரைக்கும் விக்கிறான்னு அவளே சொன்னா. கேட்டது அவளா, இல்ல உங்கம்மா அவளுக்காகக் கேட்டுக்கிட்டாளா? போன் போட்டுக் கேளு. இப்ப வேணாம், அங்க விடியவே இல்ல. அத்தான் எடுத்தாருன்னா வீச்சருவா என்னாச்சுன்னு கேப்பாரு.

அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். "மாப்ள, ஓட்டை ரெண்டு இருக்கு, உங்க ஊரு போலீசு எண்ணுறதுல கெட்டி, படம் புடிச்சு அனுப்புறோம், ஃபிரேம் போட்டு மாட்டிக்கங்க"ன்னு சொல்றேன். படத்துக்கு எந்தச் சட்டமும் இல்ல, எடையும் இல்ல.

கருக்கருவாவ அந்த எறவாணத்துல சொருகிட்டுப் போ, மாட்டுக்குப் புல்லு அறுக்க ஆவும். வீச்சருவாவத் திரும்பத் தூக்கிட்டுப் பஸ்சுல போவாத. வழியில ரோந்துக்காரன் நிறுத்தி எதுக்குன்னு கேட்டா நீ லண்டன் கதையச் சொல்லுவ, அவன் நம்ப மாட்டான். இங்கயே வை, அந்தக் கதவு மூலையில. நாளைக்குத் தென்னை கழிக்க ஆள் வர்றான், அவன் அருவா மொண்ணையாப் போச்சாம். நல்ல திருப்பாச்சேத்தி இரும்பு வேணும் வேணும்னு ஐப்பசியிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன், எம் புள்ளைங்க ஒருத்தனும் வாங்கித் தரல. அந்தச் சலங்கையையும் வச்சுட்டுப் போ, கன்னுக்குட்டிக்கு ஆவும்.